குளிர்ந்த கைக்கு எல்லாமே சூடு

பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்கிய ஆள் நான். குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் என்று என் அட்டையில் போட்டிருந்தது. செய்த வேலை என்னவோ பயப்படுவதுதான். போன வருஷம் மாலை போட்டு, கம்பளிச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். இந்த ஊரில் ஓய்வு பெறுகிற எல்லாருக்கும் கம்பளிச் சால்வைதான். ஆளே இறந்தாலும் அதைத்தான் போர்த்துவார்கள் என்பதால், வாங்கும்போது கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது.

என் இடத்துக்கு வந்திருக்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள். நல்ல பெண். தியேட்டருக்குப் புதிதாக ஒரு சூடேற்றும் மிஷின் வந்திருக்கிறதாம்.

"சார், நம்பரைப் போட்டுட்டா போதும். அதுவே சூடு ஏத்திக்குது, அதுவே நிறுத்திக்குது. நாம பாக்கவே வேண்டாம்."

"பாக்கவே வேண்டாமா?"

"ஆமாங்க சார். தொட்டுக்கூடப் பாக்க வேண்டாம்."

போனை வைத்த பிறகு நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்த்ததால் ஒரு கால் போயிருக்கும். தொட்டுப் பார்த்ததால்தான் அதே கால் பிழைத்தது. நிவேதாவிடம் போனில் சொன்னால் அறுவை என்பாள். அதனால் எழுதுகிறேன். எழுத்தென்றால் பாதியில் மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கும் மனசு நோகாது.

எங்கள் குடும்பத்துக்கும் சூட்டுக்கும் பழைய சொந்தம். அப்பா டீ ஃபாக்டரியில் டிரையர் பார்த்தார். இலையை உலர்த்துகிற அந்த மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று, மலையில் வேர்த்துக்கொண்டு வீடு திரும்புகிற ஒரே ஆள் அவர்தான். நான் ஆஸ்பத்திரி பாய்லரில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து கருவிகளை வேகவைத்துச் சுத்தம் செய்கிற அறைக்கு, அங்கிருந்து தியேட்டருக்கு. முதல் நாள் குடல்வால் ஆபரேஷன் பார்த்தேன். பார்த்தேன் என்பது பாதி உண்மை. மீதி நேரம் மயங்கிக் கிடந்தேன். விழும்போது மேஜை முனை நெற்றியில் பட்டதில், அன்றைக்கு நோயாளியைவிட எனக்குத்தான் தையல் அதிகம். படிப்பு, பயிற்சி, பரீட்சை எல்லாம் அதற்கப்புறம் வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாஸ் பண்ணினேன்.

நெற்றியில் தையல் போட்டவர் டாக்டர் எஸ்தர். வெளிநாட்டில் புற்றுநோய் அறுவை படித்துவிட்டு, பெரிய ஊர்களையெல்லாம் விட்டுவிட்டுச் சொந்த ஊரான குன்னூருக்கே வந்தவர். குள்ளமான உருவம். தியேட்டர் தொப்பிக்கு உள்ளே ஒரு கம்பளித் தொப்பி போட்டிருப்பார். கத்தவே மாட்டார். நிலைமை மோசமாக ஆக ஆகக் குரல் இறங்கும். அவர் குரல் நமக்குக் கேட்கவில்லை என்றால் நோயாளிக்கு ஜெபம் செய்ய வேண்டிய நேரம் என்று தியேட்டரில் ஒரு கணக்கு உண்டு.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கத்தியைக் கையில் எடுக்கும் முன் எல்லாரையும் ஒரு சுற்று பார்ப்பார்.

"யாருக்குப் பயம் இல்ல?"

இதுதான் கேள்வி. பயம் இல்லை என்று சொல்பவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். டாக்டர் வர்கீஸ் மயக்க மருந்து கொடுப்பவர், கூடலூர்க்காரர், பேச்சில் பாதி மலையாளம். புதிதாக வந்தபோது அவருக்கு இந்த வழக்கம் தெரியாது.

"பேடியோ? எனக்கோ? இல்லா டாக்டரே!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப கேன்டீன் வரைக்கும் போய்ட்டு வாங்க டாக்டர். பயம் வந்ததும் ஆரம்பிக்கலாம்."

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. போய் டீ குடித்துவிட்டு வந்தார். வந்ததும் "இப்போ கொஞ்சம் உண்டு" என்றார். ஆரம்பித்தோம்.

என்னிடம் மட்டும் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. என் முகத்திலேயே பதில் எழுதியிருக்கும். எங்கே கண் எடுக்காமல் பார்க்க ஆள் வேண்டுமோ அங்கே என்னை உட்காரவைப்பார். "பழனிசாமி பாத்துக்குவார். பயந்தவருக்குக் கண் மூடாது" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

தேயிலை விழுந்த காலம் அது. பச்சை இலைக்கு விலை இல்லை. பறித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற கூலிக்கே கட்டாது என்று பலபேர் பறிப்பதை விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் வெட்டி வெட்டி வளர்க்கிற செடி, விட்டுவிட்டால் மரமாகும். எங்கள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிர்ச் சரிவில் தேயிலை ஆளுயரம் தாண்டி நின்றது. அதைப் பார்க்கவே பயமாக இருக்கும். பல எஸ்டேட்டுகளில் வேலை வாரத்தில் பாதி நாள்தான். சிலதில் அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரெங்கம்மா வந்தார். கோத்தகிரி ரோட்டில் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். இலங்கையில் தோட்டத்தில் பிறந்து, கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். கூடவே புருஷன் முத்துவேல். அவர் வேலை பார்த்த ஃபாக்டரி மூடியிருந்தது. ரெங்கம்மாவின் வேலையில்தான் அந்த லயத்து வீடு நின்றுகொண்டிருந்தது. வீடு என்றால் நீளமாகக் கட்டிய வரிசையில் ஒரு அறை, ஒரு அடுப்படி.

வலது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி. அட்டை கடித்த வடு என்று விட்டுவிட்டாராம். செருப்பில்லாமல் சரிவு ஏறுகிற காலில் யார் புள்ளியைத் தேடுவார்கள்? அது வளர்ந்து புண்ணாகி, வேறு ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். இப்போது கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தோலுக்கடியில் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள், மிளகை வாரி இறைத்த மாதிரி. மெலனோமா என்ற புற்றுநோய். காலைத் தாண்டி இன்னும் போகவில்லை. தொடையோடு காலை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

"எடுக்க ஏலாதுங்க" என்றார் ரெங்கம்மா. அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "கால் போனா மலை ஏற ஏலாது. மலை ஏறாட்டி பேரு வெட்டிருவாங்க. பேரு போனா லயம் போகும். ஒருக்கா சாமானக் கட்டிக் கப்பல் ஏத்திட்டாங்க டாக்டரம்மா. இன்னொருக்கா மூட்டை கட்ட என்கிட்ட கயிறு இல்ல."

முத்துவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் எஸ்தர் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு வழி இருக்கு. இங்க யாரும் பண்ணினதில்ல. நான் அங்க கூட நின்னு பண்ணியிருக்கேன். சரியா வரும்னு சொல்ல மாட்டேன்."

ரெங்கம்மாவுக்கு அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அதுதான் பாடம். இந்தக் கட்டிகளைக் கொல்லுகிற அளவுக்கு மருந்தை உடம்பில் ஏற்றினால் ஆள் தாங்காது. கால் மட்டும் தாங்கும். அதனால் தொடையில் இறுக்கமாகப் பட்டை போட்டு, காலுக்கும் உடம்புக்கும் ரத்தப் போக்குவரத்தை நிறுத்திவிட வேண்டும். அடைத்த காலுக்குள் மருந்தைச் செலுத்தி, ஊசிக்குழலால் இழுத்து இழுத்துத் திரும்ப விட்டு, அரை மணி நேரம் சுற்ற வைக்க வேண்டும். பிறகு கழுவி வெளியே எடுத்துவிட்டு, பட்டையைத் தளர்த்த வேண்டும்.

"ஆனா கால் சூடா இருக்கணும்" என்றார் டாக்டர். "சில்லுனு இருக்கற காலுக்குள்ள ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிக் கெடக்கும். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. போனாலும் கட்டி அதைச் சரியா உறிஞ்சாது. பச்சத்தண்ணில டீத்தூளைப் போட்ட மாதிரி."

ரெங்கம்மா கொஞ்சம் யோசித்தார். "ரொம்பக் கொதிச்சாக் கசந்துருமேங்க?"

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஆமா. ரொம்பச் சூடானா அதே மருந்து சதையையும் கொன்னுரும். அப்ப நானே காலை எடுக்க வேண்டி வரும். அதப் பாக்கறதுக்குன்னே ஒரு ஆள் வெச்சிருக்கேன்."

என்னைக் காட்டினார். ரெங்கம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலை நேரக் குளிர் என்று காட்டிக்கொள்ள இரண்டு கையையும் தேய்த்தேன்.

"இவரா?"

"இவர்தான்."

"பயந்தாங்கொள்ளி மாரியில்ல இருக்காரு?"

"அதனாலதான்."

மருந்து கோயம்புத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியில் மலையேறி வந்தது. பர்லியாறு பக்கம் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தபோது, கடவுள் நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் பாதை சரியாகி மருந்து வந்து சேர்ந்தது. கடவுளுக்கும் எனக்கும் எப்போதும் இப்படித்தான். அந்த மருந்தில் இன்னொரு சங்கடம்: ஒருமுறை கலக்கிவிட்டால் வைத்திருக்க முடியாது, அதன் பலம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும். கால் தயாரானதும்தான் கலக்க வேண்டும்.

மறுநாள் காலை குன்னூர் தன் குணத்தைக் காட்டியது. பனி விழுந்து, தியேட்டர் தரையில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறியது. இரண்டு ஹீட்டர் வைத்தோம். காலைச் சுற்றிச் சூடான காற்று ஊதுகிற போர்வை. காலுக்கு மேலே ஒரு வெப்ப விளக்கு. சுற்றி வருகிற ரத்தம் போகிற குழாயை ஒரு தொட்டியில் சுடுதண்ணீருக்குள் மூழ்கவைத்திருந்தோம். அந்தத் தண்ணீர் ஆறாமல் பார்ப்பதும் என் வேலை.

ரெங்கம்மா மேஜையில் படுத்திருந்தார். டாக்டர் எல்லாரையும் பார்த்தார்.

"யாருக்குப் பயம் இல்ல?"

மேஜையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு இல்லீங்க."

"நீங்க மட்டும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "மத்த எல்லாரும் உங்களுக்கும் சேத்துப் பயப்படுவோம்."

ரெங்கம்மா என் பக்கம் தலையைத் திருப்பினார். "தம்பி, பயமா?"

"ஆமாங்க்கா."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். வர்கீஸ் மயக்க மருந்தை ஏற்றினார்.

எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே டாக்டர் ரத்தக்குழாய்களுக்குள் மெல்லிய குழாய்களை நகர்த்தி வைத்தார். என் முன்னால் சூட்டை அளக்கிற இரண்டு மீட்டர்கள். ஒன்றின் ஊசி தோலுக்கு அடியில். இன்னொன்று கெண்டைக்கால் சதைக்குள் ஆழத்தில். முந்தின நாளே டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்: "ரெண்டும் முப்பத்தெட்டு டிகிரி தொடணும். அதுக்குக் கீழ நான் மருந்தைக் கலக்க மாட்டேன். நாப்பதைத் தொட்டா என்கிட்டச் சொல்லாதீங்க. கத்துங்க."

தோல் மீட்டர் விறுவிறுவென்று ஏறியது. முப்பத்தெட்டைத் தாண்டியது. சதை மீட்டர் முப்பத்துநாலில் நின்றது. நின்றது என்றால் நின்றே விட்டது.

கருவி எடுத்துக் கொடுக்கிற சிஸ்டர் லில்லியும் டாக்டரும் கிருமி நீக்கிய உடையில், கையுறையோடு இருந்தார்கள். அவர்கள் போர்வைக்குள் கை விட முடியாது. வர்கீஸ் விட்டார். காலைப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சூடுண்டு டாக்டரே. அடுப்பு போல இருக்கு."

நானும் கையை விட்டேன். அடுப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுகமான சூடு. விறைத்த கையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, சூடாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"அப்ப அந்த ஊசி கேடாயி" என்றார் வர்கீஸ். "பழைய சாதனமல்லே? இங்கே எல்லாருடைய கையும் சூடுன்னு சொல்லுது, ஒரு கம்பி மாத்திரம் இல்லாங்குது."

சிஸ்டர் லில்லி டாக்டரைப் பார்த்தார். மருந்துப் புட்டி மேஜையில் இருந்தது. கலக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணிலும் அதுதான் இருந்தது.

டாக்டர் புட்டியைத் தொடவில்லை. நான் கலங்கிப் போனேன். என்ன செய்வதென்று தெரியாத ஆள் செய்வதைச் செய்தேன், அதாவது ஏதாவது செய்தேன். தொட்டித் தண்ணீர் ஆறியிருக்குமே என்று கெட்டிலை எடுத்து ஊற்றினேன். பாதித் தண்ணீர் தொட்டிக்குள், பாதி என் கையில். அலறல் வாய் வரை வந்ததை விழுங்கினேன். தியேட்டரில் அலறக் கூடாது என்பது பழக்கம். சுட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அந்தக் கையோடேயே போர்வைக்குள் விட்டு அக்காவின் கெண்டைக்காலைப் பிடித்தேன். அது அனிச்சையாக நடந்தது. யோசித்துச் செய்தேன் என்று ஆஸ்பத்திரியில் பெருமை பேசியிருக்கிறேன், அது நிவேதாவின் காதுக்கு வந்திருந்தால் நம்ப வேண்டாம்.

"ஐயோ" என்றேன். "கல்லு மாதிரி சில்லுனு இருக்குதுங்க!"

"உன் கை வெந்துபோச்சு, அதுகொண்டு சில்லுன்னு தோணுது" என்றார் வர்கீஸ்.

"சரி" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. எல்லாரும் குனிந்துதான் கேட்டோம். "அவர் கை சூடு, அதனால கால் சில்லுனு இருக்கு. அப்ப உங்க கை?"

வர்கீஸ் தன் கையைப் பார்த்தார். நீலம் பாய்ந்த விரல்கள். காலையிலிருந்து பனியில் நின்ற கை.

இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. எங்கள் கை எப்போதும் குளிர்ந்திருக்கும், ஆனால் அது எங்களுக்குத் தெரியாது. பால் காய்ந்ததா, குழந்தைக்குக் காய்ச்சலா, படுக்கை நனைந்ததா, எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே பார்த்துப் பழகியிருக்கிறோம். குளிர்ந்த கைக்கு எல்லாமே சூடுதான். பிணத்தைத் தொட்டால்கூட வெதுவெதுப்பு என்போம்.

"அந்தத் தொட்டியில கை வெச்சு எடுத்துட்டுத் தொடுங்க டாக்டர்" என்றார் டாக்டர் எஸ்தர்.

வர்கீஸ் கையைச் சுடுதண்ணீரில் வைத்தார். எடுத்துத் துடைத்துக்கொண்டு போர்வைக்குள் விட்டார். விட்டபடியே நின்றார். முகம் மாறியது.

"தண்ணுத்திருக்கு" என்றார் மெதுவாக. "தோல் மாத்திரம் சூடு. அமுக்கிப் பிடிச்சா உள்ளே குளிரு."

ஊசி கெடவில்லை. கால்தான் உள்ளே குளிர்ந்து கிடந்தது. அப்போது மருந்தை விட்டிருந்தால் குழாய்க்குள் சும்மா ஓடிவிட்டு வந்திருக்கும். கட்டிகள் அப்படியே இருந்திருக்கும். மருந்து கேட்கவில்லை என்று எழுதி, அடுத்த வாரம் காலை எடுத்திருப்போம். தப்பு எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துவது.

"காத்திருக்கலாம்" என்றார் டாக்டர். "காலை மட்டும் சூடு பண்ணிப் பிரயோஜனம் இல்ல. ஆளையே சூடு பண்ணணும்."

உடம்பு முழுக்கப் போர்த்தினோம். ஏறுகிற குளுக்கோஸையும் சூடாக்கினோம். கதவிடுக்கில் துணி திணித்தோம். வார்டிலிருந்து இன்னொரு ஹீட்டர் கொண்டுவந்தோம். ஃபாக்டரியில் சூடான காற்று விட்டுத் தேயிலை வாட்டுகிற மாடி மாதிரி ஆகிவிட்டது தியேட்டர். வர்கீஸுக்கு வேர்த்தது. என் கண் சதை மீட்டரிலேயே இருந்தது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அங்கேயே ஒரு யுகம். பிறகு மெல்ல ஏறி, முப்பத்தெட்டு.

"தொட்டுருச்சுங்க."

"பட்டை" என்றார் டாக்டர்.

தொடையில் பட்டை காற்றடைத்து இறுகியது. மருந்தைக் கலக்கினார்கள். உள்ளே போனது. டாக்டர் ஊசிக்குழலால் இழுத்தார், விட்டார், இழுத்தார். ரத்தம் தொட்டிக் குழாய் வழியே சுற்றி வந்தது. எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

மீட்டர் மூச்சு விடவில்லை. முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதரை.

ஏன் ஏறுகிறதென்று எனக்கு அப்போது புரியவில்லை, பிற்பாடு டாக்டர் சொன்னார். உடம்போடு தொடர்பு அறுந்த கால் அது. சூடு கூடினால் உடம்பின் ரத்தம் வந்து ஆற்றும் என்ற பேச்சே இல்லை. வெளியிலிருந்து நாம் கொடுக்கிற சூடெல்லாம் அதிலேயே தங்கும். இவ்வளவு நேரம் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த கால், இப்போது நிற்க மாட்டேன் என்றது.

நாற்பது.

கத்த வேண்டும். இதற்காகத்தான் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. நாற்பதைத் தாண்டி முள் இன்னொரு கோடு நகர்ந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டீல் தட்டை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தேன். ஆஸ்பத்திரிக்கே கேட்டிருக்கும்.

"எவ்வளவு?" என்றார் டாக்டர், திரும்பாமலே.

நான்கு விரலைக் காட்டினேன். அவர் முதுகுக்கு.

"நாப்பதோ!" என்று வர்கீஸ்தான் என் விரலைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே போர்வையைப் பிடுங்கி எறிந்தார். நான் விளக்கை அணைத்தேன், ஹீட்டர்களை அணைத்தேன். தொட்டியிலிருந்து சுடுதண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். கதவிடுக்குத் துணியைக் காலால் தள்ளினேன். காலையிலிருந்து எதை வெளியே நிறுத்தப் பாடுபட்டோமோ, அந்தக் குன்னூர்க் குளிர் கதவுக்குக் கீழே வழிந்து உள்ளே வந்தது. அவ்வளவு ஆசையாக ஒரு குளிரை நான் வரவேற்றதில்லை.

முள் நின்றது. நடுங்கியது. ஒரு கோடு இறங்கியது.

டாக்டரின் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. இழுத்தார், விட்டார், இழுத்தார். நேரம் முடிந்ததும் உப்புநீரால் கழுவ ஆரம்பித்தார்கள். முதலில் அடர்த்தியாக, பிறகு வெளிறி, பிறகு கிட்டத்தட்டத் தண்ணீராகவே வெளியே வந்தது. பட்டையைத் தளர்த்தினார்கள். வெளுத்துக் கிடந்த கால் விரல் நுனியிலிருந்து சிவந்து வந்தது. சிஸ்டர் லில்லி சிலுவை போட்டுக்கொண்டார். நான் நாற்காலியில் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை.

பயம் அதோடு முடியவில்லை. அடுத்த சில நாட்கள் கால் செக்கச் செவேலென்று வீங்கியது. வீக்கம் சதையை நெரித்து ரத்தத்தை நிறுத்தினால் காலைக் காப்பாற்ற முடியாது. தலையணைகள் மேலே காலைத் தூக்கி வைத்து, டாக்டர் வேளைக்கு வேளை வந்து விரலை அமுக்கிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டிய அந்த ஒரு கோடு என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஒரு மாலை வார்டுக்குப் போனேன். முத்துவேல் டிபன் கேரியரோடு கட்டிலருகே குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் கேரியரைப் பின்னால் மறைத்தார்.

"ஏனுங்க, என்ன கொண்டாந்தீங்க?"

"சோறுதான்."

"சோத்தை எதுக்குக் கால்மாட்டுல வெக்கறீங்க?"

ரெங்கம்மாதான் சொன்னார்: "கால் குளிருதுன்னேன் தம்பி. உப்பு வறுத்துக் கட்டி எடுத்தாந்திருக்காரு, ஒத்தடம் குடுக்க."

கேரியரைப் பிடுங்கினேன். தகரம் கொதித்தது. ஆறிக்கொண்டிருந்த கை மறுபடி சுட்டது. அந்தத் தோல் அப்போது இருந்த நிலைக்கு, மரத்துப்போன அந்த நரம்புக்கு, அந்த மூட்டை பட்டிருந்தால் அவருக்கே சுட்டது தெரிந்திருக்காது.

"அண்ணே, இந்தக் காலு வாங்க வேண்டிய சூட்டை எல்லாம் வாங்கிருச்சுங்க. இனி ஒரு பொட்டுகூட வேண்டாம்."

"குளிருதுங்கிறா. சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" அவர் குரல் உடைந்தது. "வேலையும் இல்ல. இதையாச்சும் செய்யலாம்னு பாத்தேன்."

அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். வறுத்த உப்பு மூட்டையை இரண்டு பேரும் நடுவில் வைத்து, மாற்றி மாற்றிக் கை காய்ந்தோம்.

"பயப்புடறதுக்கு ரெண்டு ஆளாச்சு" என்றார் ரெங்கம்மா கட்டிலிலிருந்து.

வீக்கம் இறங்கியது. தோல் உரிந்தது. வாரங்கள் போகப் போகக் கட்டிகள் சுருங்கின, சில வற்றி உதிர்ந்தன, சில சாம்பல் நிறத் தழும்பாக நின்றன. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. இதே வைத்தியத்தை டாக்டர் பிறகு செய்த ஒருவருக்குக் கட்டிகள் திரும்ப வந்து, கடைசியில் காலையே எடுத்தோம். அவருக்கு மீட்டர் முழுக்கச் சரியாகத்தான் காட்டியது. அதனால் சூடு எல்லாவற்றையும் சாதிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது, அவ்வளவுதான்.

மறுவருஷம் பரிசோதனைக்கு ரெங்கம்மா வந்தார். ஆட்டோ இல்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி நடந்தே வந்திருந்தார். எஸ்டேட் மூடிவிட்டதாம். தொரை கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"ஐயோ, அப்ப லயம்?" என்றேன்.

"பேரு வெட்ட ஆளிருந்தாத்தானே லயத்தை விட்டு வெரட்டுவாங்க? அதுக்கும் ஆளில்ல. அங்கதான் இருக்கோம். செடியெல்லாம் மரமாயிருச்சு, அவரு வெட்டிக் கொடுக்குறாரு, நான் பறிக்கிறேன். மேட்டுல ஏறாம முடியுமா?"

வெளி நோயாளிகள் அறையில் டாக்டர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு வழியே என்னிடம் சொன்னார்: "பழனிசாமி, நான் வர்றதுக்குள்ள அவங்க கால் எப்படி இருக்குன்னு தொட்டுப் பாருங்க. கட்டி ஏதாவது தட்டுப்படுதா, சூடு எப்படின்னு."

ரெங்கம்மா காலை முக்காலியில் தூக்கி வைத்தார். உள்ளங்காலில் தேயிலைக் காட்டு மண். நான் தொடவில்லை. சுவரோரம் இருந்த ஹீட்டருக்குப் போய், இரண்டு கையையும் அதன் முன்னால் நீட்டி நின்றேன். உள்ளங்கை காயும் வரை, விரல் நுனி காயும் வரை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னுமா பயம், தம்பி?"

"ஆமாங்க்கா."

"அப்பச் சரி" என்றார். "தொடுங்க."